தாசில்தாரை விழுங்கிய நாற்காலி

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நிறுத்தி, "இத்தனைக்கும் காரணம் யாரய்யா" என்று கேட்பீர்கள். நான்தான். ஒன்பது வயதில், ஒரே கோடையில், முழங்கால் நோயால் தவித்த ஒரு மனுஷியைத் தவசியாக்கினேன். சர்க்கார் அதிகாரி ஒருவரை நாற்காலிக்குள் இறக்கினேன். கடைசியில் நானே மாரியம்மனாகவும் பதவி ஏற்றேன். மூன்றில் ஒன்றைக்கூட யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கிற பழக்கம் எனக்கு அறுபதுக்கு மேல்தான் வந்தது. அதுவும் டாக்டர் அதிகம் நடக்காதே என்று சொன்ன பிறகு, வேறு வேலை இல்லாமல்.

என் வயதுக் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மாடிப்படியைக் கண்டால் கொல்லிமலையைக் கண்டதுபோல நிற்கிறீர்கள். தரையில் உட்கார்ந்துவிட்டு, எழுப்பிவிட யாராவது வருகிறார்களா என்று நாலு பக்கமும் பார்க்கிறீர்கள். உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கும் முழங்கால் இருக்கிறது.

எங்கள் ஊர் வெண்ணந்தூரிலிருந்து இரண்டு கல். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஐயன் ஊர் மணியக்காரர். அப்பாவை எங்கள் வீட்டில் ஐயன் என்றுதான் கூப்பிடுவோம். ஐயனுக்கு ஓர் அக்கா, எனக்கு அத்தை. புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வீட்டின் வடபுறச் சாய்ப்பில் அவளுக்கு ஓர் அறை, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பித்தளைச் சொம்பு.

அத்தையின் இரண்டு முழங்கால்களும் பனங்காய் மாதிரி வீங்கியிருக்கும். விரல்களும் கோணிக்கொண்டன. சோற்றைப் பிசைவாள், உருட்ட வராது. வைத்தியர் வாதம் என்றார். முடக்கத்தான் ரசம், வாதநாராயணன் தழை வதக்கி ஒத்தடம், வேப்பெண்ணெய்த் தேய்ப்பு என்று நடந்துகொண்டே இருக்கும். அந்த அறைக்குள் நுழைந்தால் தழை வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கைப் பிடித்துத் திருகும். ஆனால் ஆள் படுக்கையில் இருந்தாளே தவிர வாய் படுக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே கட்டுத்தறி மாட்டின் மணிச்சத்தத்தை வைத்து, "மயிலை காலு தாங்கி நடக்குது, லாடத்தைப் பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் லாடம் கழன்றிருக்கும். ஒரு தடவை நான் மாங்காய் திருடிக்கொண்டு பின்பக்கமாக வந்தபோது, "நடையில பாரம் இருக்குது, எத்தனை காயிடா" என்று உள்ளே இருந்தே கேட்டாள். பாதியைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தேன்.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டில் கக்கூஸ் ஏது? ஆண்களுக்கு ஏரிக்கரை, பெண்களுக்கு இட்டேரி. இட்டேரி என்றால் இருபுறமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம். வேலி உயரம், நிழல், மறைப்பு எல்லாம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பொடக்காணியிலிருந்து அங்கே போக எனக்கு நூறு தாவு போதும். அத்தைக்கு அது பழனி யாத்திரை. அம்மா பெரும்பாலும் சோளக்காட்டு வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அத்தையைக் கைபிடித்து இட்டேரி முனை வரைக்கும் கூட்டிப்போவது என் உத்தியோகம். முனையில் விட்டுவிட்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். "முடிஞ்சுதுடா" என்று சத்தம் வந்தால் போய்க் கை கொடுக்க வேண்டும்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அத்தை நடப்பது ஒரு தினுசு. வலது காலை வட்டமாகச் சுழற்றி வைத்து, இடது காலை இழுத்து, ஒவ்வோர் அடிக்கும் "யம்மா" என்று ஒரு தாளம். ஒரு நாள் அவள் முன்னால் போக, பின்னால் நான் அதே சுழற்று, அதே இழுப்பு, அதே "யம்மா". சோளத்தட்டுப் போரடியில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அமுக்கினார்கள். சிரிப்பு வந்தால் கோமாளிக்குக் கை கால் நிற்குமா? நான் இன்னும் வட்டமாகச் சுழற்றினேன். அத்தை நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். நான் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றேன், கொக்கு மாதிரி.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் கையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். வந்த வேலையை முடிக்காமலே.

அடுத்த நாளிலிருந்து என் உத்தியோகம் போயிற்று. விடிவதற்கு முன்னால் அம்மா தாங்கலாகக் கூட்டிப் போய் வருவதோடு சரி. பகலில் அத்தை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. எனக்குக் கொண்டாட்டம். தினமும் ஒரு மணி நேரம் மிச்சம், கோலி விளையாடலாம். வேறு ஏன் எதற்கு என்று கேட்கிற மூளை எனக்கு இல்லை. பெரியவர்களுக்கும் இல்லை என்பதுதான் ஆறுதல். வைத்தியர் வருவார், முழங்காலைத் தட்டுவார், மருந்து கொடுப்பார். அந்த முழங்கால் எங்கே போக முடியாமல் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அம்மா காட்டுக்குப் போகும்போது அத்தையின் கட்டிலடியில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் அத்தை என்னைக் கூப்பிடுவாள்.

"இதக் கொண்டுபோயிக் கறிவேப்பிலைக்கு ஊத்திட்டு வா சாமி."

"குடிக்கலீங்களா அத்தை?"

"ஊத்துன்னா ஊத்துடா."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அலவாய்மலை மேல் மேகம் வந்து உட்காரும், வெற்றிலை போடுகிற நேரம் இருக்கும், எழுந்து போய்விடும். கிணற்றில் மண் வாடை அடித்தது. சோளம் கருகி, காற்றடித்தால் காகிதம் போலச் சலசலத்தது. ஊரே பழுத்துக் கிடக்க, எங்கள் பொடக்காணியில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி மட்டும் பச்சைப்பசேல் என்று கொழுந்து விட்டது.

மேற்கு வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், செடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுதுக்குள் நாலு ஊருக்குப் போய்ச் சேரும்.

"ஏஞ் சாமி, குடிக்கத் தண்ணியில்ல, இது மட்டும் எப்புடி இப்புடித் தழையுது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய மனுஷி நின்றால் எனக்கு உண்மை வராது. பிறவிக் கோளாறு.

"எங்கத்தை தண்ணி குடிக்கறதில்லீங்க. மழை வார வரைக்கும் குடிக்க மாட்டாங்களாம். மாரியம்மனுக்கு வேண்டியிருக்கறாங்க. அவிங்க பங்குத் தண்ணியத்தான் செடிக்கு ஊத்தறமுங்க."

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கறிவேப்பிலையைப் பறிக்காமல், செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே ஏழெட்டுப் பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாக வந்தார்கள். மறுநாள் பக்கத்து ஊர். அதற்கு மறுநாள் ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து அத்தையின் காலடியில் கிடத்தினாள். அத்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் என்ன சொல்வாள்? வேண்டுதல் இல்லை என்றால், ஏன் குடிப்பதில்லை என்று கேட்பார்கள். அதற்கு வாயால் சொல்லக்கூடிய பதில் அவளிடம் இல்லை.

ஐயனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கக்கா ஊருக்காகத் தவங் கெடக்குது" என்று சாவடியில் சொன்னார். அம்மா மட்டும் அத்தையின் உதட்டைப் பார்ப்பாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நடுப்பகலில் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், தலை சுற்றித் திரும்பவும் உட்கார்ந்துவிடுவாள். அதையும் பெண்கள் பக்தி என்றார்கள்.

இதற்கு நடுவில் நாற்காலி.

எங்கள் ஊரிலேயே ஒரு நாற்காலிதான், அது எங்கள் வீட்டில் இருந்தது. ஏற்காட்டுத் தோட்டக்காரத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது ஏலத்தில் விட்ட சாமான். கறுத்த மரம், கை வைத்தது, உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல், தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண். அதில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை, ஐயன் உட்பட. அது அதிகாரிகளுக்கு. மற்ற நாளில் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு மூலையில் நிற்கும், தலையில்லாத சாமியார் மாதிரி. எனக்கு அதன் மேல் தீராத காதல்.

கருகிய வெள்ளாமையைப் பார்க்கத் தாசில்தார் வருகிறார் என்று சேதி வந்தது. வீடு அமளிப்பட்டது. அம்மா கடலை உருண்டை செய்து உறியில் வைத்தாள். உறி உயரம். நான் குட்டை. நடுவில் நாற்காலி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? ஏறினேன், எட்டவில்லை, எம்பினேன். இறங்கும்போது இரண்டு கால்களும் பிரம்பைத் துளைத்துக்கொண்டு தரைக்குப் போய்விட்டன. இடுப்பைச் சுற்றி நாற்காலி, கையில் கடலை உருண்டை. அழலாமா தின்னலாமா என்று யோசித்து, தின்றுவிட்டு அழுவது என்று முடிவு செய்தேன். பிறகு தொடையெல்லாம் சிராய்ப்போடு வெளியே வந்து, ஓட்டையின் மேல் ஒரு பனந்தடுக்கைப் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது. அம்மாகூட, "பரவால்ல, நீயாவே விரிச்சுட்டயா" என்றாள்.

தாசில்தார் வில்வண்டியில் வந்தார். கனத்த சரீரம், தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, பின்னால் டவாலி போட்ட சேவகன். ஊர் முழுக்க வாசலில் நின்றது. சாய்ப்பின் கதவோரமாக அத்தையும் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஐயன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "எசமான் ஒக்காரோணுமுங்க." அம்மா மோர் கொண்டுவந்தாள். தாசில்தார் ஒரு கையில் மோரை வாங்கிக்கொண்டு, மறு கையால் கோட்டு வாலை ஒதுக்கி, சர்க்காரின் முழு எடையோடு உட்கார்ந்தார்.

தடுக்கு முதலில் ஒரு முனகல் முனகியது. அப்புறம் எல்லாம் சேர்ந்து போயிற்று. தாசில்தார் உள்ளே இறங்கினார். முழங்கால்கள் முகவாயில் வந்து நின்றன. பூட்ஸ் இரண்டும் ஊரைப் பார்த்தன. ஒன்று சொல்ல வேண்டும், மோர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

தாசில்தார் மெதுவாக, ஏதோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "மணியக்காரரே, என்னால எந்திரிக்க முடியல."

ஐயனும் சேவகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. உட்காரவைத்து அமுக்கினார்கள், இன்னும் இறங்கினார். கடைசியில் பக்கவாட்டில் சாய்த்து, சேவகன் தலைப்பக்கம் இழுக்க, ஊர்த் தலையாரி நாற்காலியின் காலைப் பிடித்து உருவ, கன்று ஈனுகிற மாதிரி ஒருவழியாக அவர் வெளியே வந்தார். ஊர்ப்பெண்கள் கிளுவை வேலிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தார்கள். தாசில்தார் பிறகு உட்காரவே இல்லை. நின்றபடியே ஐயன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். சோளம் நூற்றுக்கு நூறு கருகியதாக எழுதினார் என்று கேள்வி. அந்த வகையில் ஊருக்கு நான் செய்தது உபகாரம், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். எல்லோரும் தாசில்தாரைப் பார்த்தார்கள். அத்தை அவரைப் பார்க்கவில்லை. அவர் எழுந்த பிறகு நாற்காலியைப் பார்த்தாள். அதன் நடுவில் இருந்த வட்டமான ஓட்டையைப் பார்த்தாள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் சாவி கிடைத்தவள் மாதிரி ஒரு முகம். எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை. புளிய விளாரோடு ஐயன் என்னைத் தேடிக்கொண்டிருந்ததால் விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

என்னை முடித்துவிட்டு ஐயன் கோடாலியை எடுத்தார். "மானத்த வாங்குன சனியன், அடுப்புக்குத்தான் ஆவும்" என்று ஓங்கினார். சாய்ப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, அத ஒடைக்காத. எனக்குக் குடு."

ஐயன் கோடாலியை இறக்கினார். "ஓட்ட நாக்காலிய வெச்சு என்னுங்கக்கா பண்ணப் போறீங்க?"

"ஒக்காரத்தான்."

"ஒக்காரவா? மணியக்காரன் அக்கா நாக்காலி போட்டு ஒக்காந்திருக்குதுன்னா ஊரு சிரிக்காதுங்களா? ஆம்பளைங்களே தரையில குந்தறோம்."

"உள்ள போட்டு ஒக்காந்துக்கறேன். ஒருத்தரும் பாக்க வேண்டாம்."

"வயசான காலத்துல இதென்ன ஆசைங்கக்கா."

அத்தை காரணத்தை எப்படிச் சொல்வாள்? இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியானாலும் தம்பிதானே, ஆண்பிள்ளைதானே. ஐயன் மறுபடி கோடாலியை ஓங்கினார். அந்த நேரத்தில் காப்பாற்றியது யார் தெரியுமா? மேற்கு வீட்டுப் பெரியம்மா. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தண்ணி நோம்பு கெடக்கற ஆத்தா வாயத் தொறந்து ஒண்ணு கேக்குது, அதக் குடுக்காட்டி மழை எங்கிருந்து வரும்" என்று ஒரு போடு போட்டாள். ஐயன் கோடாலியைக் கீழே வைத்தார். ஆகா, நம் பொய் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று சிராய்த்த தொடையைத் தடவிக்கொண்டே பூரித்தேன்.

பூரிப்பு மறுநாள் காலை வரைக்கும்தான். பெண்கள் வந்தார்கள். நாற்காலியைக் கழுவினார்கள், மஞ்சள் பூசினார்கள், வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். ஓட்டை மேல் பலகை போட்டார்கள், பலகை மேல் மஞ்சள் சேலை விரித்தார்கள். வாசலில் பந்தல் போட்டு நடுவில் நாற்காலியை வைத்து, நாலு பேர் தூக்கிவந்து அத்தையை அதில் உட்கார வைத்தார்கள். காலடியில் தேங்காய், எலுமிச்சம்பழம். எதிரே நாலைந்து ஊர்ச் சனம். உடுக்கைக்காரர் வேறு. வெயில் ஏறியது. அத்தை தன் நோயோடும் தாகத்தோடும், ஒதுங்க முடியாத அவஸ்தையோடும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஊர் கும்பிட்டது.

நான் கூட்டத்தில் நுழைந்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த சொம்பைச் சேலை மறைப்பில் நீட்டினேன்.

"ஒருத்தரும் பாக்கல, குடிச்சுருங்க அத்தை."

உதடு அசையாமல் அத்தை பேசினாள். "குடிச்சா எங்கடா போவேன்?"

"இட்டேரிக்கு."

"போனா? பொறத்தால நீ நொண்டிக் காட்டறதுக்கா?"

நான் சொம்பைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இந்த நாக்காலிய எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச? ஊரு முன்னால கொலு இருக்கவா? உள்ளார போட்டு, அடியில ஒரு சட்டிய வெச்சுக்கிட்டா, ஒருத்தர் கையையும் புடிக்க வேண்டாம். வேணுங்கற தண்ணியக் குடிச்சுக்குவேன். அதுக்குக் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

கூட்டாளிகளே, இந்த இடத்தில் உங்களை ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று காலையிலிருந்து எத்தனை பேர் தண்ணீர் குடிப்பதில்லை? நான் குடிப்பதில்லை. மண்டபத்தில் கழிப்பறை மாடியில் இருக்கும், அல்லது குந்துகிற மாதிரி இருக்கும். காபி நீட்டினால் சர்க்கரை வியாதி என்று பொய் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கிற மகன், தன் வீட்டுக் குளியலறையில் எனக்காகச் சுவரில் ஒரு கம்பி அடித்து வைத்திருக்கிறான். அந்தக் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம், ஒரு கம்பி எத்தனை சொம்புத் தண்ணீர் பெறும் என்று தோன்றும். நம்மிடமும் எல்லோரும் முழங்காலைத்தான் விசாரிக்கிறார்கள்.

சரி, பந்தலுக்கு வருகிறேன். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேச வேண்டும் என்று தோன்றியது. உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் புகுந்து கத்தினேன்.

"எங்கத்தை வேண்டுதலே வெக்கலீங்க. நாந்தான் பொய் சொன்னேன். அவிங்களுக்குத் தண்ணி குடுங்க."

பலன்? மேற்கு வீட்டுப் பெரியம்மா என் காதைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நோம்பக் கெடுக்கறதுக்குன்னே இந்த மாதிரி ஒண்ணு வாயில வரும். புள்ளைய அக்கட்ட கொண்டு போங்க." நான் சொன்னது நிஜம் என்று அத்தைகூடத் தலையசைத்துப் பார்த்தாள். அதைச் சாமி சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு குலவை போட்டார்கள். பாருங்கள், ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு உண்மை பேசினேன், அதற்கு இந்த மரியாதை.

அத்தையின் தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. கண் மேலே சொருகியது. "அருள் வருது, அருள் வருது" என்றது கூட்டம். அருளாவது. தாகத்தில் மயக்கம். என் காலில் ஏதோ நெருப்புப் பிடித்தது. உண்மை செல்லாத இடத்தில் என்ன செல்லும் என்று எனக்குத் தெரியும், அது என் தொழில்.

நான் ஆடினேன். ஒரு வேப்பங்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கைக் கடித்து, மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பூசாரி ஆடியதை ஒன்று விடாமல் ஆடினேன். உடுக்கைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு தொழில் தர்மத்துக்குக் கட்டுப்பட்டு எனக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டினார். கூட்டம் விலகிக் கைகூப்பியது.

"சாமி, ஆரு வந்திருக்கறது சாமி?" என்று பெரியம்மா நடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"மாரிடீ." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எம் மகளக் காய வெச்சது போதுண்டீ. அவ நோம்பு முடிஞ்சுது. நாக்காலிய உள்ள கொண்டு போ. பலகைய எடு, சேலைய எடு. தெனம் ஆறு சொம்புத் தண்ணி அவ குடிக்கோணும். அந்த அறைக்குள்ள ஒரு குஞ்சு எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா கண்ணு போயிரும்."

எல்லாம் சரியாக நடந்தது. நாலு பேர் நாற்காலியைத் தூக்கக் குனிந்தார்கள். அப்போது ஐயன் முன்னால் வந்தார். அவர் கண் என் முகத்தை ஊன்றிப் பார்த்தது. புளிய விளாரைவிட அந்தப் பார்வைக்கு எனக்குப் பயம்.

"சாமின்னா சூடத்தைக் கையில வாங்கட்டும்" என்றார்.

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வந்தது சாமியா ஆசாமியா என்று உள்ளங்கையில் சூடம் ஏற்றிப் பார்ப்பார்கள். யாரோ கட்டிச் சூடத்தைக் கொண்டுவந்தார்கள். நான் கையை நீட்டினேன். நீட்டாமல் என்ன செய்வது? ஓடினால் அத்தை தாகத்தோடு அங்கேயே கிடப்பாள். சூடத்தை வைத்தார்கள், பற்ற வைத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உலகத்தில் உள்ள சூடு எல்லாம் என் உள்ளங்கைக்குக் குடிவந்தது. நான் அலறிய அலறலை அம்மனின் ஆங்காரம் என்று எடுத்துக்கொண்டு ஊரே காலில் விழுந்தது. கையை மட்டும் உதறவில்லை. இன்றைக்கும் எனக்கு இது நம்ப முடியாத சங்கதி. ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து மயங்கி விழுகிற ஆள் நான்.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அம்மா வந்தாள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். சூடம் அணைந்தது. "போதுஞ் சாமி, மலையேறு" என்றாள் உரக்க. பிறகு என் காதருகே, வேறு யாருக்கும் கேட்காமல், "உள்ள போடா" என்றாள். ஐயன் அத்தையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "சாமி சொல்லிருச்சில்ல, தூக்குங்கப்பா" என்று தாமே நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

நாற்காலி சாய்ப்பு அறைக்குள் போயிற்று. அம்மா பலகையை எடுத்தாள். வாயகன்ற பழைய மண்சட்டி ஒன்றில் அடுப்புச் சாம்பலைப் பாதிக்கு நிரப்பி, ஓட்டைக்கு நேர் கீழே தள்ளி வைத்தாள். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள, பக்கத்துத் தூணில் கிணற்று நீர் இறைக்கிற கவலைக் கயிற்றுத் துண்டு ஒன்றை வளையமாகக் கட்டினாள். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தாள். அத்தை அம்மாவின் தலையைக் கோணல் விரலால் ஒரு தரம் தடவினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைக் கலைக்க வெளியே போனாள்.

நான் சொம்பை எடுத்து வந்தேன். அத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கழுத்து நரம்பு ஏறி இறங்க, மூக்கிலும் மோவாயிலும் வழிய, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். நிரப்பிக் கொண்டுவந்தேன். அதையும் குடித்தாள். மூன்றாவது சொம்பில் பாதியைத் தாண்டும்போது ஒரு பெரிய மூச்சு விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. கை எரிந்தது, தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. ஆனாலும் உலகத்தையே தூக்கி நிறுத்திய பெருமை. அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து, யார் உதவியும் இல்லாமல், "யம்மா" என்று ஒரு தாளம் போட்டு நாற்காலியின் முன் எழுந்து நின்றாள்.

நான் நகரவில்லை. பாராட்டு வாங்காமல் எப்படி நகர்வது?

"அத்தை," என்றேன், சூடுபட்ட கையை நீட்டி, "ஓட்டை போட்டது நானு, சாமியாடுனது நானு, சூடு வாங்குனதும் நானு. ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"கதவச் சாத்திட்டுப் போடா."